மேடையில் பதினான்கு பேர்

போன வாரம் அக்காவை ஆலை வாசலில், கையில் பிரிக்காத செய்தித்தாளோடு நிறுத்திவிட்டுப் போனோம். பாவம், ஏழு நாளாக அப்படியே நிற்கிறாள். அவளுக்குக் கால் வலிக்கிறதோ இல்லையோ, எனக்கு வலிக்கிறது. பிரித்துவிடட்டும்.

பிரித்தாள்.

முதல் பக்கம் முழுவதும் ஒரே விளம்பரம். 'புதிய வரித்திட்டத்தை மனமார வரவேற்கிறோம்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. அதன் கீழே, தேர்தலுக்கு நிற்கும் கட்சியின் சின்னம். அதற்கும் கீழே, பதினான்கு தொழிலதிபர்கள் தங்கள் கம்பெனித் தாளில் எழுதிக் கையெழுத்திட்ட பதினான்கு கடிதங்கள், படமாக.

முதல் கடிதம் அவளுடையது.

ஆலையின் பெயர் போட்ட தாள் அவளுடையது. அடியில் இருந்த கையெழுத்தும் அவளுடையதுதான். கடைசி எழுத்தை இழுத்து வளைத்துக் கீழே ஒரு கோடு போடுவது அவள் பழக்கம். ஆனால் நடுவில் இருந்த பத்து வரிகளை அவள் இன்றுதான் முதல் முறையாகப் பார்க்கிறாள்.

"அடப்பாவி" என்றாள்.

யாரைச் சொன்னாள் என்று வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குடும்பத்தில் மூன்றே பேர். அப்பா அம்மா போன பிறகு தம்பியையும் தங்கையையும் வளர்த்து ஆளாக்கியவள் அக்கா. கூடவே அப்பா விட்டுப்போன அட்டைப்பெட்டி ஆலையையும் வளர்த்தாள். பழைய காகிதத்தை ஊறவைத்து, அரைத்துக் கூழாக்கி, புது அட்டை வார்த்துப் பெட்டி செய்கிற ஆலை. கல்யாணம் என்று ஒன்று இருப்பது அவளுக்கு நினைவு வந்தபோது வயது நாற்பத்தைந்து. சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

தம்பி அங்கே மேலாளர். ஊரில் அவனுக்கு 'மைக்' என்று பேர். நாலு பேர் கூடிய இடத்தில் ஒலிவாங்கி இருந்தால் அவன் கை தானாக அதைத் தேடிப் போகும். தொழிலதிபர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு.

கடைக்குட்டியான சின்னவள் கட்டிக்கொண்டது பழைய காகித வியாபாரியை. தள்ளுவண்டிக்காரர்கள் தெருத்தெருவாகப் பொறுக்கி வருவதை எடைபோட்டு வாங்கி, கட்டாகக் கட்டி ஆலைக்கு அனுப்புகிறவன். எடையில் அரைக்கால் பிசகு இருக்காது என்பதால் வண்டிக்காரர்கள் அவனைத் 'தராசு' என்பார்கள்.

கட்சியின் வரித்திட்டம் கேட்பதற்கு இனிமையானது. கம்பெனிகளின் லாபத்துக்கு வரி பாதியாகிவிடும். அந்தக் குறையைச் சரிக்கட்ட, ஒரு பொருள் கை மாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி விழும். பழைய காகிதமோ வீட்டிலிருந்து வண்டிக்காரனுக்கு, அவனிடமிருந்து தராசுக்கு, தராசிடமிருந்து ஆலைக்கு என்று மூன்று கை மாறுகிற சரக்கு. மூன்று வரி தின்ற காகிதத்தை வாங்குவதைவிட, கப்பலில் வரும் புதுக் கூழ் மலிவு. ஆலைகள் பிழைத்துக்கொள்ளும். தராசும் அவனை நம்பிய இருநூறு வண்டிக்காரர்களும் கடையைச் சாத்திவிட்டுப் போகவேண்டியதுதான்.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை சின்னவள் வந்து அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஊர்ல யார் வேணா கையெழுத்துப் போடட்டும் அக்கா. உன் பேர் மட்டும் அதுல வரக்கூடாது. வந்தா எங்க ஆளுங்க முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"என் உயிர் இருக்கிறவரைக்கும் வராது பாப்பா" என்று அக்கா வாக்குக் கொடுத்தாள்.

வந்துவிட்டது. அதுவும் முதல் இடத்தில்.

எப்படி வந்தது என்று கேட்டால், தப்பு அக்காவுடையதும்தான்.

காலை பத்து மணிவரை அவள் கூழ்த்தொட்டிப் பக்கம் நிற்பாள். முழங்கைவரை கூழ் அப்பியிருக்கும். லாரிகளோ ஏழு மணிக்கே கிளம்பியாக வேண்டும். 'இந்தப் பெட்டி இவ்வளவு பாரம் தாங்கும்' என்று முதலாளி கையெழுத்துப் போட்ட சான்று கூடப் போகாவிட்டால், வாங்குகிறவன் சரக்கை இறக்கவிட மாட்டான். ஒவ்வொரு லாரிக்கும் கை கழுவிக்கொண்டு ஓடிவரச் சலித்துப்போன அக்கா, திங்கட்கிழமை தோறும் ஆலைப் பெயர் போட்ட முப்பது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு மேசை இழுப்பறையில் வைத்துவிடுவாள். சாவி தம்பியிடம் இருக்கும். லாரி கிளம்பும்போது அவன் அதில் விவரத்தை அச்சடித்துக் கொடுத்துவிடுவான்.

தணிக்கையாளர் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, நாளைக்கு இதுல எவனாவது உங்க ஆலையையே எழுதி வாங்கிட்டா?"

"என் தம்பிதானே சார்" என்று சிரித்தாள் அக்கா.

இப்போது சிரிப்பு வரவில்லை. கைபேசியில் அவனைக் கூப்பிட்டாள். நான்காவது தடவை எடுத்தான்.

"பார்த்தியா அக்கா? முதல் இடம்! சிமென்ட் முதலாளிக்கே ரெண்டாவது இடம்தான்!"

"யாரைக் கேட்டுடா போட்ட?"

"கேட்டா நீ வேணாம்னு சொல்லியிருப்ப."

"சொல்லியிருப்பேன்டா. பாப்பாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"நீ ஆலையை நினைச்சுப் பாரு. போன மாசம் அந்தக் கிழட்டு பாய்லர் வெடிச்சு ஒரு ஆளோட முதுகு வெந்துபோச்சே, மறந்துட்டியா? லாபவரி பாதியானா புதுசு வாங்கிடலாம். பாப்பா புருஷன் வேற தொழில் பார்த்துக்குவான்."

பாய்லர் உண்மை. ஆனால் ஜெயித்து வந்தால் வரி ஆலோசனைக் குழுவில் அவனுக்கு ஒரு நாற்காலி என்று கட்சி சொல்லியிருப்பதும் உண்மை. அதை மட்டும் அவன் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

"அது என் கடிதம் இல்லைன்னு இப்பவே பேப்பருக்குச் சொல்றேன்" என்றாள் அக்கா.

"தாராளமா சொல்லு. வெத்துத்தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்னு சொல்லு. எங்களுக்கு வந்த சான்றும் அப்படித்தானான்னு நாளைக்கே ஒவ்வொரு கம்பெனியும் கேப்பான். பத்து வருஷத்துச் சான்று அக்கா! வெச்சிடறேன், பதினோரு மணிக்கு வர்த்தக மண்டபத்துல பாராட்டுக் கூட்டம், மேடை வேலை இருக்கு."

அந்தக் காலை முழுவதும் யோசித்து யோசித்து அவள் ஒன்றும் செய்யவில்லை. அவளைப் பிடிக்கும் எனக்கு. ஆனால் அந்த மூன்று மணி நேரத்துக்காக அவளை நான் மன்னிக்கப் போவதில்லை.

*

பதினோரு மணி. வர்த்தக மண்டபம்.

மேடையில் பதினான்கு நாற்காலிகள். பதின்மூன்றில் முதலாளிகள், பதினான்காவதில் அக்காவுக்குப் பதிலாகத் தம்பி. பேச்சு தெருவுக்கும் கேட்கட்டும் என்று கட்சிக்காரர்கள் வாசலில் இரண்டு பெரிய ஒலிபெருக்கிகளைக் கட்டியிருந்தார்கள். அந்த ஒலிபெருக்கிகளின் கீழேதான் இருநூறு வண்டிக்காரர்களும் நின்றார்கள். அட்டைக்கட்டை இழுக்கும் இரும்புக் கொக்கி பலர் இடுப்பில் தொங்கியது. வேலை நாளல்லவா.

கூட்டத்தின் முன்னால் நீலச் சட்டையில் தராசு. கையில் நான்கு பக்க மனு. பக்கத்தில் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சின்னவள்.

"வீட்டுக்கு வாங்க. பேப்பர்ல அக்கா பேரையே போட்டுட்டாங்க. இனிமே மனு குடுத்து என்ன ஆகப்போகுது?"

"அக்கா போட்டிருக்க மாட்டாங்க. உனக்கு வாக்குக் கொடுத்தவங்க. மனுவைக் குடுத்துட்டு வந்துடறேன். மேடையில இருக்கிறது உங்க அண்ணன்தானே, வாங்கிக்க மாட்டாரா?"

எல்லோரும் ஒரே மாதிரிதான் ஏமாறுகிறார்கள்.

ஒலிபெருக்கியில் தம்பியின் குரல் கணகணவென்று வந்தது. "எங்க ஆலைக்கு இது பொன்னான திட்டம்! எங்க அக்கா முதல் கையெழுத்துப் போட்டாங்க! எங்க குடும்பமே இதுக்குப் பின்னாடி நிக்குது!"

"எந்தக் குடும்பம்டா?" என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. தராசு கையை உயர்த்தி அவர்களை அடக்கிக்கொண்டே மண்டபத்துப் படியேறினான்.

அப்போதுதான் கல் பறந்தது. எறிந்தவன் யார் என்று இன்றுவரை தெரியாது. மண்டபத்தின் கண்ணாடிக் கதவு உடைந்து சரிந்தது. இரண்டாவது கல் மேடைவரை போய்ச் சிமென்ட் முதலாளியின் நெற்றியைப் பிளந்தது. முதலாளிகள் நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டு மேசைக்கு அடியில் பாய்ந்தார்கள். கொஞ்ச நேரம் முன்புதான் எதற்கும் அஞ்சாத தொழில்முனைவோர் என்று அவர்களை வாழ்த்திப் பேசியிருந்தார்கள்.

கட்சியின் வெள்ளைச்சட்டை ஆட்கள் முப்பது பேர் பக்கவாட்டு அறையிலிருந்து இரும்புக் குழாய்களோடு ஓடிவந்தார்கள். கொடிக் கம்பத்துக்கு என்று கொண்டுவந்து வைத்த குழாய்கள். வாசலில் இருநூறு பேர். யாரை அடிப்பது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றார்கள்.

தம்பி ஒலிவாங்கியை விடவில்லை. மேசைக்குப் பின்னால் குந்திக்கொண்டே கத்தினான்.

"அந்த நீலச் சட்டை! படியில நிக்கிறான் பாருங்க, நீலச் சட்டை! அவன்தான் கூட்டிட்டு வந்தவன், அவனைப் பிடிங்க!"

தெரு முழுக்கக் கேட்டது. சின்னவளுக்கும் கேட்டது. தன் அண்ணனின் குரல் தன் புருஷனின் சட்டை நிறத்தைச் சொல்வதைக் கேட்டு அவள் படியை நோக்கி ஓடினாள்.

முதல் குழாய் தராசின் தோளில் விழுந்தது. மனு சிதறியது. "மனு குடுக்கத்தான்..." என்று அவன் கையை உயர்த்தினான். இரண்டாவது அடி அந்தக் கையை முறித்தது. எலும்பு முறிந்த சத்தம் படிக்குக் கீழே கேட்டது. மூன்றாவது அடி பின்மண்டையில். அவன் குப்புற விழுந்தான். விழுந்தவனை ஆறு பேர் சுற்றி நின்று அடித்தார்கள். ஒருவன் உதைத்தான், உதைத்து உதைத்து அவன் செருப்பே அறுந்துபோனது.

சின்னவள் தராசின்மேல் போய் விழுந்தாள். அவள் முதுகிலும் இரண்டு அடி. ஒரு முழங்கை அவள் வாயில் இடித்து முன்பல்லை உடைத்தது. அவள் ரத்தத்தைத் துப்பிக்கொண்டு ஒரு காலைக் கட்டிப்பிடித்துக் கடித்தாள். விடவே இல்லை. அந்த ஆள் அலறிக்கொண்டு உருண்டான்.

அதற்குள் வண்டிக்காரர்கள் கொக்கிகளை உருவியிருந்தார்கள். கொக்கி பட்ட இடம் சும்மா கிழியாது, சதையோடு வரும். வெள்ளைச்சட்டை ஒருவனின் தோளில் மாட்டிய கொக்கியை இழுத்தபோது அவன் கூடவே இழுபட்டு வந்தான். இன்னொருவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான், விரலிடுக்கில் ரத்தம். பத்து நிமிடத்தில் மண்டபத்துப் படி கசாப்புக்கடைத் தரைபோல் ஆகிவிட்டது. போலீஸ் வந்தது, வராமல் இல்லை. பின்வாசலில் முதலாளிகளைப் பத்திரமாகக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் உள்ளே வர வழியில்லை. தராசைத் தள்ளுவண்டியில் போட்டார்கள். அடியில் பழைய அட்டைகளை விரித்து, அவன்மேல் சின்னவளின் துப்பட்டாவைப் போர்த்தி, நான்கு பேர் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் அட்டை ஊறிப்போய்விட்டது.

*

மதியம் இரண்டு மணிக்குத் தம்பி ஆலையின் பின்கேட் வழியாக ஓடிவந்தான். சட்டையில் ஒரு கை இல்லை. "பூட்டு! எல்லாக் கேட்டையும் பூட்டு! வந்துட்டு இருக்கானுங்க!"

காவலாளி முன்கேட்டைப் பூட்டிக்கொண்டிருக்கும்போதே வண்டிக்காரர்கள் வந்துவிட்டார்கள். கம்பியிடுக்கில் ஒரு கொக்கி நுழைந்து அவர் முன்கையைப் பிடித்து இழுத்தது. அவர் கத்தியதில் பெட்டி மடிக்கும் பெண்கள் எல்லாம் ஓடிவந்துவிட்டார்கள். அக்கா அவரோடு சேர்த்து எல்லோரையும் பின்கேட் வழியாக அனுப்பிவைத்தாள். கடைசி ஆள் வெளியே போனதும் பின்கேட்டிலும் ஐம்பது பேர் வந்து நின்றார்கள். இனி உள்ளே அக்காவும் தம்பியும் மட்டும்தான்.

முன்கேட் பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. முற்றத்தில் அடுக்கியிருந்த அட்டைக்கட்டுகளில் தீ வைத்தார்கள். கூரைத் தகட்டில் கல் மழை. "மைக்கை வெளிய அனுப்பு! மைக்கை வெளிய அனுப்பு!"

அலுவலக அறையில் தம்பி மேசைக்குப் பின்னால் நின்றான். "நான் வெளிய தள்ளத்தான் சொன்னேன் அக்கா. அடிக்கச் சொல்லலை."

"அடிச்சாங்களா? யாரை?"

சொன்னான். எல்லாவற்றையும் சொல்லவில்லை, ஆனால் ஒலிபெருக்கியைப் பற்றிச் சொல்லிவிட்டான்.

அக்கா அவனை அறைந்தாள். வளர்த்த காலத்தில் ஒருநாளும் அடித்ததில்லை. அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து இன்றைக்கு அடித்தாள். அவன் உதடு கிழிந்தது.

பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "எழுதித் தர்றேன். அது என் கடிதம் இல்ல, என் தம்பி எழுதினது, வெத்துத்தாள்ல நான் கையெழுத்துப் போட்டது தப்புன்னு எழுதித் தர்றேன். நீயும் போலீஸ்ல போய் நிக்கணும். ஆலை போனா போகட்டும்."

"என்னை ஜெயிலுக்கு அனுப்புவியா?"

"வெளியில நிக்கிறவங்க கையில குடுக்கிறதைவிட அது மேல்."

தாள் எடுக்க, அவன் காலையில் பூட்ட மறந்திருந்த இழுப்பறையை அவள் திறந்து வலது கையை உள்ளே விட்டாள். இரும்பு மேசை, இரும்பு இழுப்பறை. தம்பி உடம்பையே கொடுத்து அதை மோதிச் சாத்தினான்.

விரல்கள் உடைந்தன. நடுவிரலும் அதற்கு இருபுறம் இருந்தவையும். அக்கா வாயைத் திறந்தாள், சத்தமே வரவில்லை. அவன் மறுபடி ஒருமுறை இடுப்பால் இடித்தான். இப்போது சத்தம் வந்தது.

"கை இருக்கிறதைப் பார்க்கலை அக்கா" என்றான் அவன், பின்னால் நகர்ந்து.

முதல் தடவை பார்க்காமல் இருந்திருக்கலாம். இரண்டாவது தடவை பார்த்துத்தான் செய்தான். இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

அக்கா இடது கையால் மேசைமேல் இருந்த தாள் துளைக்கும் கருவியை எடுத்து அவன் நெற்றியில் ஓங்கி அடித்தாள். அவன் சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். நெற்றியிலிருந்து வழிந்தது கண்ணை மறைத்தது. இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெளியே அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிற சத்தம் சரக்கு மேடைவரை நெருங்கிவிட்டது.

"என்னைக் குடுத்துடாத அக்கா" என்றான். அழுதான். "கொன்னுடுவாங்க."

கொல்லத்தான் வந்திருந்தார்கள். அதில் அக்காவுக்கும் சந்தேகம் இல்லை.

அவள் எழுந்தாள். உடைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சரக்கு மேடைக்குப் போகும் இரும்புக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள். வெளியே வந்து அதைத் தன் பின்னால் சாத்தினாள்.

*

மேடையின் கீழே நூறு பேருக்கு மேல். புகையில் முகங்கள் சரியாகத் தெரியவில்லை. முன்னால் நின்றவள் மட்டும் தெரிந்தாள்.

சின்னவள். வாய் வீங்கியிருந்தது. முழங்கால்வரை உடையெல்லாம் காய்ந்த ரத்தம், அவளுடையதும் அவனுடையதும்.

"மாப்பிள்ளை எப்படி இருக்காரு பாப்பா?"

"மண்டைக்குள்ள ரத்தம் கட்டிப்போச்சாம். திறந்துட்டு இருக்காங்க. பிழைச்சாலும் பேச்சு வருமான்னு தெரியாதாம்." பல் போன வாயில் சொற்கள் காற்றோடு வந்தன. "அண்ணன் எங்க?"

"இங்க இல்ல."

"பின்கேட்டுல வந்ததை எங்க ஆளு பார்த்திருக்கான்." அவள் கண் அக்காவின் கைமேல் விழுந்தது. விரல்கள் மூன்றும் மூன்று திசையில் இருந்தன. "யாரு பண்ணினது?"

எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். அக்கா 'அவன்தான்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், கதவு பஞ்சாய்ப் பறக்கும்.

"இழுப்பறையில மாட்டிக்கிச்சு" என்றாள் அக்கா. "எல்லாரும் கேளுங்க. பேப்பர்ல வந்த கடிதம் நான் எழுதினதுதான். நான்தான் கையெழுத்துப் போட்டேன். என் தம்பிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. யாரையாவது அடிக்கணும்னா என்னை அடிங்க."

ஒரு கல் வந்து அவள் தாடையில் பட்டது. அவள் தடுமாறினாள், விழவில்லை. சின்னவள் திரும்பாமலே கையை உயர்த்தினாள். கல் நின்றது.

"எனக்குக் குடுத்த வாக்கை மீறினியா?" என்றாள்.

"ஆமா."

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

அக்கா பார்த்தாள். "ஆமா பாப்பா. மீறிட்டேன்."

சின்னவள் மேடையின் படிகளில் மெல்ல ஏறி வந்தாள். அக்காவுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றாள். யாருக்கும் கேட்காத குரலில் பேசினாள்.

"நீ வாக்கு மீறமாட்ட. எனக்குத் தெரியும். காலையில அவரும் அதைத்தான் சொன்னாரு. அவன் உன் கையை உடைச்சிருக்கான், நீ அவனுக்காக நூறு பேர் முன்னாடி பொய் சொல்ற." குரல் உடைந்தது. "எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கியா அக்கா? இன்னைக்குக் காலையில, அது என் கடிதம் இல்லைன்னு ஒரே ஒரு உண்மை, அதையாவது சொல்லியிருக்கலாம்ல? பதினோரு மணிக்கு முன்னாடி சொல்லியிருந்தா அவர் அங்க போயே இருக்கமாட்டாரே!"



சின்னவள் திரும்பினாள். முன்வரிசையில் நின்ற வண்டிக்காரரின் கையிலிருந்து கொக்கியை வாங்கினாள்.

"யாரும் மேல ஏறக்கூடாது. இது எங்க வீட்டு விஷயம்."

"பாப்பா, வேணாம்!" அக்கா அவள் தோளைப் பிடிக்கப் போனாள். வலது கையைத்தான் நீட்டினாள், பழக்கம். விரல்கள் பிடிக்கவில்லை. வலியில் அவள் கண் இருட்டி, முட்டி மடிந்து கீழே உட்கார்ந்தாள்.

சின்னவள் இரும்புக் கதவைத் தள்ளி உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா தவழ்ந்துபோய் இடது கையால் கதவைத் தட்டினாள். "திற பாப்பா! டேய் தம்பி, ஓடுடா! பாப்பா!" திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். "கதவை உடைங்க! உடைக்கத்தானே வந்தீங்க? இப்ப உடைங்களேன்!"

ஒருவரும் அசையவில்லை. சின்னவள் ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தாள்.

உள்ளே நாற்காலி விழுந்தது. ஏதோ கண்ணாடி நொறுங்கியது. யாரோ ஓடினார்கள், யாரோ துரத்தினார்கள். தகரச் சுவரில் ஓர் உடம்பு வந்து மோதிய அதிர்வு அக்காவின் உள்ளங்கையில் தெரிந்தது.

பிறகு இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில் அலறின.

"அக்கா!"

அடுத்த முறை ஒரு குரல்தான் அலறியது.